மலைக்குப் போகிறீர்களா? முதலில் முதுகை அளந்து பாருங்கள்!

"மலை ஏறுறதெல்லாம் நமக்கு ஒத்து வராது பெரியம்மா. நானும் குழந்தையும் வீட்டிலேயே இருந்துக்கறோம். அவர் மட்டும் போயிட்டு வரட்டும்."

என் தங்கை மகள் இப்படிச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் கோகோ ஆடியவள். இன்றைக்கும் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வருகிறவள். அவளுக்கா ஒத்து வராது?

"ஏண்டி, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

விஷயம் மெள்ள வெளியே வந்தது. போன வருஷம் கணவரோடும் அவருடைய ஆபீஸ் நண்பர்களோடும் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்குப் போயிருக்கிறாள். 4,500 அடிக்கு மேல் உயரம். பாதி தூரத்திலேயே தோள் இரண்டும் தீயாய் எரிந்திருக்கின்றன. வலது கை விரல்கள் மரத்துப்போய், பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லையாம். கடப்பாரைப் படிக்குப் போகும் முன்பே உட்கார்ந்துவிட்டாள். "பெண்களுக்கு ஸ்டாமினா பத்தாதுங்க" என்று யாரோ ஒருவர் சொல்ல, இவளும் அதை நம்பிவிட்டாள்!

நான் அவளுடைய ஸ்டாமினாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என்ன பை எடுத்துக்கிட்டுப் போனே?" என்று மட்டும் கேட்டேன். "அவரோட பைதான். பெரிசு, ரெண்டு பேர் சாமானும் அடங்கும்னு…" என்றாள். அதை எடுத்து வந்து மாட்டச் சொன்னேன். மாட்டினாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐந்தடி பத்து அங்குல ஆண்மகனுக்காகத் தைத்த பை அது. இடுப்பில் கட்ட வேண்டிய பெல்ட், தொடையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அத்தனை பாரமும் இரண்டு தோளில். பத்துப் பேர் முன்னிலையில் அவளைத் தோற்கடித்தது மலை இல்லை, அந்தப் பைதான்.

இப்போது பெண்கள் கூட்டமாக மலைநடை போவது சர்வசாதாரணமாகி வருகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் பலர் உயிரிழந்த பிறகு, வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போவது எத்தனை ஆபத்து என்று எல்லாருக்கும் புரிந்தது. 2024-ல் தமிழ்நாடு அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் நாற்பது மலைப் பாதைகளை அறிவித்தது. போகிறவர்கள் ஷூவுக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பை என்று வந்தால் மட்டும் வீட்டில் கிடப்பதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். மகனுடைய பள்ளிக்கூடப் பை, கணவருடைய லாப்டாப் பை, எதுவானாலும் சரி!

ஒன்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தை நாம் எங்கே வைத்துக்கொள்கிறோம்? இடுப்பில். குழந்தையை? அதுவும் இடுப்பில்தான். தோளில் மாட்டித் தொங்கவிடுவதில்லை. உடம்பில் பாரம் தாங்கும் இடம் இடுப்பெலும்பு என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி. பாரம் அங்கே உட்கார்ந்தால், வலுவான தொடையும் காலும் அதைச் சுமக்கும். தோளுக்கு அந்த வலு கிடையாது.

அமெரிக்காவில் டிக் கெல்டி என்பவர் 1952-ல் மலையேறும் பை செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் மலையில் நடந்தபோது, பையின் சட்டத்துடைய கீழ் நுனிகளை பேண்ட்டின் பின் பாக்கெட்டில் செருகிப் பார்த்தாராம். தோள் பாரம் சட்டென்று குறைந்ததாம். அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட அவருடைய பை அப்படித்தான் பிறந்தது. பைகளைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி நீனா. பெண் கை தைத்த பைதான், ஆனாலும் பெண் உடம்புக்கென்று தனி அளவு வருவதற்கு வெகு காலம் ஆயிற்று!

முதுகு எத்தனை அங்குலம்?

கடைக்குப் போனால் "எத்தனை லிட்டர் வேணும் மேடம்?" என்றுதான் கேட்பார்கள். லிட்டர் கணக்கு பிறகு. உங்கள் முதுகு நீளம் என்ன என்பது முதலில். தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுங்கள். வீட்டில் இன்னொருவர் துணைக்கு வேண்டும், தன் முதுகைத் தானே அளக்க முடியாது.

தலையை முன்னால் குனியுங்கள். கழுத்து முடியும் இடத்தில் ஒரு எலும்பு முண்டாகத் துருத்தும். அதுதான் ஆரம்பம். இப்போது நிமிர்ந்து இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டை விரல்கள் முதுகுப் பக்கம் வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். குழாயடியில் சண்டைக்கு நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இரண்டு கட்டை விரல்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அது முதுகெலும்பை எங்கே தொடுகிறதோ அது முடிவு. டேப்பை விறைப்பாகப் பிடிக்காமல் முதுகின் வளைவோடு ஒட்டி அளக்க வேண்டும்.

நாங்கள் அளந்து பார்த்தோம். நான் ஐந்தடி ஒரு அங்குலம், அவள் ஐந்தடி நாலு. ஆனால் இரண்டு பேருக்கும் முதுகு 16 அங்குலம்தான். அவளுக்குக் கால் நீளம், அவ்வளவே. மாப்பிள்ளைக்கு அளந்தால் 19½! மூன்றரை அங்குல வித்தியாசத்தில் பெல்ட் தொடைக்கு இறங்காமல் என்ன செய்யும்? அதனால் "நான் உயரம், எனக்கு ஆம்பளைங்க பை சரியா இருக்கும்" என்று நினைத்துவிடாதீர்கள். உயரத்துக்கும் முதுகு நீளத்துக்கும் நேர்க் கணக்கு கிடையாது.

ஏறக்குறைய 15 அங்குலம் வரை மிகச் சிறிய அளவு, 16, 17 சிறிய அளவு, 18, 19 நடுத்தரம், 20-க்கு மேல் பெரியது என்று வைத்திருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தோள்பட்டைகள் பொருந்தும் இடத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளும் வசதியுள்ள பையும் கிடைக்கிறது. அம்மா, மகள், நாத்தனார் என்று ஒரே பையை மாற்றி மாற்றி எடுத்துப் போகும் வீட்டுக்கு அது ரொம்ப சௌகரியம்.

பெண்கள் பை என்றால் ரோஸ் கலரா?

இல்லவே இல்லை. சில பைகள் ஆண்கள் பையின் சாயத்தை மட்டும் மாற்றி வருகின்றன, ஜாக்கிரதை! நிஜமான பெண்கள் பையில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதுகுச் சட்டம் குட்டையாக இருக்கும். தோள்பட்டைகள் கழுத்துப் பக்கம் நெருங்கி, மார்பின் மேல் நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் வளைந்து இறங்கும். இடுப்புப் பட்டை நம் இடுப்பின் சரிவுக்கு ஏற்றாற்போல் கொஞ்சம் சாய்த்துத் தைக்கப்பட்டிருக்கும். நேராக வெட்டிய பட்டையைக் கட்டினால் மேல் விளிம்பு இடைவெளி விடும், கீழ் விளிம்பு சதையைக் கடிக்கும். கட்டியவுடனே தெரிந்துவிடும்.

தோள்பட்டை விஷயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் காரை எலும்புக்கு அடியில் ஒரு கத்தையாக வருகின்றன. அந்த இடத்தைப் பட்டை மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப் போகும், சிலருக்குக் கையைத் தூக்கவே பலமிருக்காது. டாக்டர்கள் இதற்கு 'ரக்சாக் பால்ஸி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் தங்கை மகளுக்கு வந்ததும் இதன் ஆரம்பம்தானோ என்று எனக்குச் சந்தேகம். நல்லவேளை, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பையைக் கழற்றிய பிறகும் மரமரப்பு நீடித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எவ்வளவு சுமக்கலாம்?

காலையில் போய் மாலையில் திரும்புவதானால் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு ராத்திரி தங்குவதானால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இது பொதுவாக எல்லாரும் சொல்லும் கணக்கு. 52 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாள் பை 5 கிலோ சொச்சம், தங்கும் பை 10 கிலோ. என்னைக் கேட்டால், மலைநடைக்குப் புதிதானவர்கள் அந்தப் பத்தையும் எட்டாக்குவது நல்லது.

எட்டு கிலோவில் அடங்குமா என்கிறீர்களா? நாங்கள் பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்தே பார்த்துவிட்டோம். பை 1 கிலோ 100 கிராம். உள்ளே நுழைந்து தூங்கும் ஸ்லீப்பிங் பேக் 1 கிலோ. தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ, இதில் பேரம் கிடையாது. மாற்றுத் துணி 1 கிலோ 200. ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் 700 கிராம். சப்பாத்தி, புளியோதரை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் 800 கிராம். மருந்தும் டார்ச்சும் 300. பல்பொடி, சீப்பு, நாப்கின் 200. கூட்டினால் 7 கிலோ 300. கூடாரத்தை ஏற்பாடு செய்கிறவர்களே தருவதால் அது இதில் சேரவில்லை.

ஒரு நாள் போய்வர 18 முதல் 25 லிட்டர் பை தாராளம். ஒரு ராத்திரிக்கு 30 முதல் 40 லிட்டர். "இருக்கட்டுமே, பெரிசா வாங்கினா எல்லாத்துக்கும் ஆகும்" என்று 60 லிட்டர் வாங்கினால் தொலைந்தோம். இடம் இருந்தால் நம் கை சும்மா இருக்காது. ஊறுகாய் பாட்டில் போகும், பெட்ஷீட் போகும், 'அவருக்கு ஒரு சட்டை' போகும், கடைசியில் அப்பளக் கட்டுகூடப் போய்விடும்!

எடை குறைந்த பை என்றவுடன் இருப்பதிலேயே லேசானதை எடுத்துவிடுவதும் தப்பு. அரைக் கிலோகூட இல்லாத பைகள் உண்டு. அவற்றில் முதுகுச் சட்டம் இருக்காது, இடுப்புப் பட்டை வெறும் நாடாவாக இருக்கும். ஐந்து கிலோ வரை பேஷாகச் சுமக்கலாம். ஏழெட்டு கிலோவைத் திணித்தால் பை கூனிப் போய், பாரம் மறுபடி தோளுக்கே வந்து சேரும். அரைக் கிலோ மிச்சம் பிடித்து ஏழு கிலோவைத் தோளில் ஏற்றுவானேன்? ஒரு நாள் பை 500 முதல் 800 கிராம், தங்கும் பை சட்டமும் மெத்தென்ற இடுப்புப் பட்டையும் சேர்த்து 1 கிலோவிலிருந்து 1 கிலோ 300 வரை. இது நம் உடம்புக்கு நியாயமான எடை. துணி நைலானாக இருக்கட்டும். டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நூலின் தடிமனைக் குறிப்பது. 100-லிருந்து 210 வரை பரவாயில்லை. அதைவிட ரொம்ப மெல்லிசாக இருந்தால் உண்ணிச்செடிப் புதரில் ஒரு தடவை உரசினாலே கிழிசல்தான்.

லேசான சுமை என்றால் எனக்கு எம்மா கேட்வுட் அம்மாள் ஞாபகம் வருவார். அமெரிக்கக்காரர், பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ல் தம் 67-ஆவது வயதில், அப்பலாச்சியன் மலைப் பாதையின் இரண்டாயிரம் மைலுக்கும் மேலான தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. ஒரு கம்பளி, மழைக்கு ஒதுங்க ஒரு பிளாஸ்டிக் திரை, தாமே தைத்த ஜீன்ஸ் துணிப் பை ஒன்று. அதை ஒரு தோளில் போட்டுக்கொண்டே நடந்தாராம்! அதற்காக நாமும் மஞ்சள் பையோடு கிளம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. எதை விட்டுவிட்டுப் போவது என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்க்காதீர்கள்

வெறும் பை எல்லாருக்கும் பொருந்தும்! எடை போட்டு மாட்டினால்தான் அதன் குணம் தெரியும். கடையில் மணல் மூட்டை மாதிரி ஏதாவது வைத்திருந்தால் கேட்டு வாங்கி உள்ளே போடுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்துப் போவதில் என்ன வெட்கம்? தபாலில் வரவழைத்தால் விலைச் சீட்டைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பாருங்கள்.

மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிடுங்கள். பிறகு இடுப்புப் பட்டை. அதன் நடுப்பாகம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் சவாரி செய்ய வேண்டும், வயிற்றிலோ தொடையிலோ அல்ல. அடுத்து தோள்பட்டை, முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு இழுத்தால் போதும். மூன்றாவதாகத் தோளுக்கு மேலே பையின் தலைப்பக்கம் போகும் சின்ன நாடாக்கள். இவை சரிந்து நின்று பையை முதுகோடு அணைத்துப் பிடிக்கும். இவை தொளதொளத்தால் செங்குத்தான இடத்தில் பை நம்மைப் பின்னால் இழுக்கும். கடப்பாரைப் படி மாதிரி இடத்தில் அது விளையாட்டில்லை. கடைசியாக மார்புப் பட்டை, காரை எலும்புக்கு ஒரு அங்குலம் கீழே.

மாட்டியபடி இருபது நிமிஷமாவது நடங்கள், படி ஏறி இறங்குங்கள். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது. பையைக் கழற்றாமலே தண்ணீர் பாட்டிலைக் கையால் எட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று மலையில் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தலைவலி, நீர்க்கடுப்பு எல்லாம் அதனால்தான். பாட்டிலும் கைக்கு எட்டாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்களும் உண்டு. சுடிதார் நாடா முடிச்சும் பாவாடை முடிச்சும் இடுப்புப் பட்டைக்கு நேர் அடியில் வரும். இரண்டு மணி நேரத்தில் அது கன்றிப் புண்ணாகிவிடும். எலாஸ்டிக் வைத்த பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். கொண்டை போட்டால் பையின் தலைமூடி கழுத்தை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னலை விட்டால் பைக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டி இழுக்கும். பின்னி முன்னால் போட்டுக்கொள்வதே சரி. தாலிச் சங்கிலி தோள்பட்டைக்கு அடியில் சிக்கினால் கழுத்து அறுபடும், ரவிக்கைக்கு உள்ளே விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு

பிரசவத்தில் தளர்ந்த மூட்டுகளும் வயிற்றுத் தசையும் பழைய நிலைக்கு வர மாதங்கள் பிடிக்கும். சிசேரியன் ஆனவர்கள் சுமை தூக்கலாமா என்று டாக்டரைக் கேட்காமல் பையை மாட்ட வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்புப் பட்டையை இறுக்கவே கூடாது. பட்டை ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொண்டு வீக்கமும் காய்ச்சலும் வரலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றால் அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சுமை அதை அதிகமாக்கும், பயிற்சியால் சரிப்படுத்தவும் முடியும்.

பையை அடுக்குவதில் பெரிய வித்தை இல்லை. தூங்கும் பையும் மாற்றுத் துணியும் அடியில். தண்ணீர், சாப்பாடு மாதிரி கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. லேசானவை வெளிப்பக்கம். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. மழை உறை போட்டாலும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் துணிகளை வையுங்கள். தின்பண்டம் எதையும் வெளியில் தொங்கவிடாதீர்கள், நம் மலைகளில் குரங்கார் அதற்காகவே காத்திருப்பார்! திரும்பி வந்தபின் வாஷிங் மிஷினில் போட்டுவிடாமல், சோப்பு நீரில் ஸ்பாஞ்சால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நைலான் சீக்கிரம் இற்றுப்போகும்.

தங்கை மகள் கதைக்கு வருகிறேன். உடனே பை வாங்க வேண்டாம், முதலில் வாடகைக்கு எடுத்துப் பார் என்றேன். 16 அங்குல முதுகுக்கு ஏற்ற 35 லிட்டர் பை ஒன்று கிடைத்தது. கொடைக்கானல் பக்கம் ஒரு ராத்திரி தங்கும் நடைக்குக் கிளம்பினாள். குழந்தை என்னிடம். கிளம்பும் முன் கணவருடைய சால்வை, செருப்பு, ஷேவிங் பெட்டி மூன்றும் அவள் பைக்குள் எப்படியோ குடியேறியிருந்தன. பேசாமல் எடுத்து அவர் பக்கம் வைத்தாள். "இது உங்க பையில போகட்டும்" என்றாள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் போன்.

"பெரியம்மா, கை மரத்துப் போகலை. தோள் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, எலாஸ்டிக் பேண்ட்டுன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான் கேக்காம நாடா வெச்சதையே போட்டுக்கிட்டேன். இடுப்புல இப்ப ஒரு ரூபா அளவுக்குச் சிவந்து கிடக்கு!"

"தேங்காய் எண்ணெய் தடவுடி" என்றேன். குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது.